கறுப்புக் கோட்டுக்குள் ஒரு கூலியில்லாத் தொழிலாளி

போனஸ் வழக்குக்காகவோ, வேலைநீக்க வழக்குக்காகவோ, குத்தகை நிலத்தை விட்டு வெளியேற்றும் வழக்குக்காகவோ கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்றிராத தொழிலாளி நம்மில் குறைவு. அங்கே இரண்டு வகைக் கறுப்புக் கோட்டுகளைப் பார்க்கிறோம். ஒன்று முன்னால் நடக்கிறது; எழுந்து நின்று பேசுகிறது; பீஸ் வாங்குகிறது. இன்னொன்று பின்னால் நடக்கிறது, கேஸ் கட்டுகளைச் சுமக்கிறது, பக்கம் புரட்டிக் கொடுக்கிறது, வாய்தா வாங்குகிறது. முன்னால் போகிறவர் சீனியர். பின்னால் போகிறவர் ஜூனியர்.

பின்னால் போகிறவருக்கு என்ன கூலி? இதுதான் நமது கேள்வி.

"வக்கீலுக்கு என்ன குறை? கோட்டுப் போட்டவர் கவலையைக் கோட்டுப் போட்டவர் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு இருக்கிற கவலையே தலைக்கு மேல் கிடக்கிறது" என்று சில தோழர்கள் சொல்லலாம். பொறுத்துக் கேளுங்கள். இது வக்கீல்களின் வீட்டு விவகாரம் அல்ல. நம் வழக்கு, நம் பிள்ளைகள், நமக்குத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலி ஆகிய மூன்றையும் தொட்டு நிற்கும் விவகாரம்.

வேலை என்ன, கூலி என்ன?

ஜூனியரின் வேலை நாள் காலையில் சீனியர் ஆபீசில் தொடங்குகிறது. அன்றைய கேஸ் பட்டியலைப் பார்த்துக் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். எந்தக் கோர்ட்டில் எந்த வழக்கு எந்நேரம் அழைக்கப்படும் என்று கணக்குப் போட வேண்டும். சீனியர் ஒரு கோர்ட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்கவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கட்சிக்காரர் வழக்கு தள்ளுபடி! மனுத் தாக்கல் செய்ய வேண்டும்; குறை சொல்லித் திருப்பினால் சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டும்; நகலுக்கு மனுப் போட வேண்டும். மாலையில் மறுபடி ஆபீஸ். கட்சிக்காரர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய தீர்ப்புகளைத் தேட வேண்டும். பிராதும் பதிலுரையும் தயாரிக்க வேண்டும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு வீடு.

இத்தனைக்கும் கூலி? பல ஆபீசுகளில் ஒன்றுமில்லை. சில ஆபீசுகளில் பஸ் செலவும் மதியச் சாப்பாடும். இன்னும் சிலவற்றில், நல்ல பீஸ் வந்த அன்று சீனியர் மனமிரங்கி எடுத்துக் கொடுப்பது. அதைக் கூலி என்று சொல்லக்கூடாதாம், அன்பளிப்பாம்! உழைப்பவன் கணக்குக் கேட்க முடியாத இடத்தில் எப்போதும் இந்த "அன்பு" என்ற சொல்தான் வந்து உட்காருகிறது. பண்ணையாரும் அறுவடைக் களத்தில் ஒரு கை நெல்லை அள்ளிப் போட்டுவிட்டு அதற்குப் பெயர் அன்பு என்றுதான் சொன்னார்.

1961ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்கள்

மில் தொழிலாளருக்கு அப்ரண்டீஸ் என்ற சொல் புதிதல்ல. 1961ஆம் ஆண்டு பார்லிமெண்ட் அப்ரண்டீஸ் சட்டம் செய்தது. தொழில் பழகுகிறவனுக்கு நிர்ணயித்த உதவித்தொகைக்குக் குறையாமல் கொடுத்தே தீரவேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதே சட்டம் அப்ரண்டீஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவன்தான் என்றும் எழுதி வைத்தது. அந்த ஓட்டை வழியாக முதலாளிகள் எத்தனை வண்டி ஓட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். பஞ்சாலைகளில் "பயிற்சி" என்றும் "சுமங்கலித் திட்டம்" என்றும் பெயர் வைத்து, கிராமத்துப் பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து, முடிவில் மொத்தமாகத் தருகிறோம் என்று ஆசை காட்டி உழைப்பை உறிஞ்சிய கதையை நாம் மறக்கவில்லை. ஆனாலும், அப்ரண்டீசுக்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு என்றாவது அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது.

அதே 1961இல்தான் வழக்கறிஞர் சட்டமும் வந்தது. தொழில் பழகும் இளம் வக்கீலுக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டா? இல்லை. தறி ஓட்டக் கற்றுக்கொள்பவன் வயிற்றுக்கு ஒரு விதி. சட்டம் கற்றுக்கொள்பவன் வயிற்றுக்கு விதியே கிடையாது!

இதைவிட வேடிக்கை ஒன்று. பார் கவுன்சில் விதிகளில் 49ஆவது விதி, வக்கீலாகத் தொழில் செய்கிறவர் வேறெங்கும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக்கூடாது என்கிறது. அந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கலாம்: வக்கீல் சுயேச்சையாக நிற்கவேண்டும், ஒரு முதலாளியின் கைப்பாவை ஆகிவிடக்கூடாது. ஆனால் ஏழை வீட்டு ஜூனியர் விஷயத்தில் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது? "வெளியே சம்பள வேலைக்குப் போகாதே" என்கிறது விதி. "உள்ளே கூலி கொடு" என்று எந்த விதியும் சீனியரிடம் சொல்லவில்லை. ஒரு கதவைச் சட்டம் பூட்டியது. இன்னொரு கதவை வழக்கம் பூட்டியது. நடுவில் நிற்கிறவன் காற்றையா குடிப்பான்?

எங்கிருந்து வந்தது இந்த வழக்கம்?

இந்த முறைக்கு மூலம் இங்கிலாந்து. அங்கே சொலிசிட்டர் ஆக விரும்புகிறவன் ஐந்தாண்டு ஒரு சொலிசிட்டர் ஆபீசில் ஒப்பந்த குமாஸ்தாவாக இருக்கவேண்டும். அவனுக்குச் சம்பளம் கிடையாது என்பது மட்டுமல்ல. அவன் தகப்பனார் அந்தச் சொலிசிட்டருக்குப் பெருந்தொகை கட்டவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஒப்பந்தப் பத்திரத்துக்கு மட்டும் 80 பவுன் முத்திரைக் கட்டணம். அன்றைய தொழிலாளி குடும்பம் ஓராண்டு முழுதும் உழைத்தாலும் பார்ப்பதற்கு அரிதான தொகை அது! பணமுள்ளவன் வீட்டுப் பிள்ளை தவிர வேறெவனும் உள்ளே நுழையாதபடி போட்ட முள்வேலிதான் அது. காலம் போகப்போக அந்த வேலி அங்கே விழுந்தது. பயிற்சியாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் சொலிசிட்டர்களுக்கான கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தனிச் சம்பளத்தை எடுத்துவிட்டது. அப்போதும் நாட்டின் பொதுவான குறைந்தபட்சக் கூலி என்ற தரை காலுக்குக் கீழே இருந்தது. நம் நாட்டிலோ தரையே இல்லை.

ருஷ்யாவிலும் இளம் வக்கீல் ஒரு மூத்த வக்கீலின் உதவியாளராக இருந்து தொழில் பழகவேண்டும். 1892இல் சமாரா நகரில் ஹார்தின் என்ற வக்கீலிடம் உதவியாளராகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போன இருபத்தொரு வயது இளைஞர்தான் லெனின். அங்கே அவர் ஆஜரான வழக்குகளில் பெரும்பாலானவை ஏழைக் குடியானவர்களின் வழக்குகள்.

சென்னையில் 1961க்கு முன்பு, சட்டப் பட்டம் வாங்கியவர் ஓராண்டு மூத்த வக்கீல் ஒருவரிடம் அப்ரண்டீசாக இருந்துதான் ஹைகோர்ட்டில் பதிவு செய்துகொள்ள முடிந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டமும் பயிற்சியும் பரீட்சையும் வேண்டும் என்றது. 1973இல் திருத்தம் செய்து அதை நீக்கினார்கள். 1995இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்படி விதி செய்யக் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்று 1999இல் சுப்ரீம் கோர்ட் ரத்துச் செய்தது. ஆக, ஏட்டில் கட்டாயப் பயிற்சி இல்லை. ஆனால் நடைமுறையில்? ஒரு சீனியர் ஆபீசில் சில ஆண்டு இல்லாமல் குறுக்கு விசாரணை செய்யவோ, நீதிபதி முன் நின்று பேசவோ எவருக்கும் வராது. புத்தகம் படித்து நீச்சல் கற்க முடியுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பயிற்சி அவசியம்; அதில் நமக்கு ஆட்சேபமே இல்லை. பட்டினி அவசியமா என்பதுதான் கேள்வி.

"கற்றுக்கொடுப்பதே கூலி" என்ற வாதம்

"இது குருகுலம், கற்றுக்கொடுக்கிறோமே, அதற்கு நாங்களல்லவா தட்சிணை கேட்க வேண்டும்?" என்று சில சீனியர்கள் சொல்கிறார்கள். கற்றுக்கொடுப்பது உண்மை. அந்த உபகாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் கற்கும்போதே அந்த இளைஞன் வேலையும் செய்கிறானா, இல்லையா? ஒரே காலையில் சீனியருக்கு நாலு கோர்ட்டில் வழக்கு இருக்கிறது. நாலு கட்சிக்காரரிடமும் பீஸ் வாங்கியாகிவிட்டது. ஒரு உடம்பு நாலு இடத்தில் நிற்க முடியாது. ஜூனியரின் கால்கள்தான் அந்த நாலு பீசையும் காப்பாற்றுகின்றன. எந்த உழைப்பால் ஒருவருக்கு வருமானம் வருகிறதோ, அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு. இது மில்லுக்கும் பொருந்தும்; வயலுக்கும் பொருந்தும்; வக்கீல் ஆபீசுக்கும் பொருந்தும்.

இந்தப் பிரச்னை ஒருமுறை சுப்ரீம் கோர்ட் வரை போனது. பம்பாயில் ஒரு சொலிசிட்டர் கம்பெனியின் ஊழியர்களுக்கு அவர்களுடைய யூனியன் போனஸ் கேட்டது. 1962இல் வந்த தீர்ப்பு என்ன சொன்னது? சொலிசிட்டரின் தொழில் அவருடைய சொந்த அறிவால் நடப்பது. குமாஸ்தாவின் உழைப்புக்கு அதில் நேரடிப் பங்கில்லை. ஆகையால் அது தொழில் தகராறு சட்டம் சொல்லும் "தொழில்" ஆகாது. போனஸ் போயிற்று! 1978இல் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் 1957ஆம் ஆண்டுக் கேரள மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர். ஒரு சிறு வக்கீல் தனியாக நடத்தும் ஆபீசுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு விலக்குக் கொடுத்தது. ஆனால் அது குமாஸ்தாவின் கதை. ஜூனியர் வக்கீலை "ஊழியர்" என்றே எவரும் ஒப்புக்கொள்வதில்லை. அவர் சுயேச்சையான வக்கீலாம்! சுயேச்சைக்குக் குறைவில்லை, சோற்றுக்குத்தான் குறைவு.

2024இல் நடந்தது என்ன?

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை ஹைகோர்ட் ஒரு நல்ல உத்தரவு போட்டது. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியருக்கு மாதம் ரூ. 20,000க்குக் குறையாமலும், மற்ற ஊர்களில் ரூ. 15,000க்குக் குறையாமலும் கொடுக்கவேண்டும். ஆண், பெண் என்ற பேதம் கூடாது. இதைப் பார் கவுன்சில் சுற்றறிக்கையாக அனுப்பவேண்டும் என்றது. அடுத்த மாதமே, ஜூலை 30ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட் இன்னொரு சுமையை இறக்கியது. வக்கீலாகப் பதிவு செய்ய, சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு ரூ. 750, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு ரூ. 125 தவிர அதிகம் வாங்கக்கூடாது என்றது. அதற்கு முன்பு பல மாநிலங்களில் ரூ. 15,000க்கு மேல், ஒரு சில இடத்தில் ரூ. 40,000க்கும் மேல் கறந்துகொண்டிருந்தார்கள். சட்டம் காக்கப் போகிறவனிடமே சட்டத்துக்கு மீறி வசூல்!

உத்தரவு வந்துவிட்டது, பிரச்னை தீர்ந்ததா? 2024 அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை நகரத்துக்கு ரூ. 20,000, கிராமப்புறத்துக்கு ரூ. 15,000 என்று அதே எண்களைச் சொன்னது. ஆனால் கட்டாயமாக அல்ல, சிபாரிசாக. சிபாரிசுக்கும் கட்டாயத்துக்கும் உள்ள தூரத்தை நம் விவசாயத் தொழிலாளரிடம் கேளுங்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தது. சட்டமாக இருந்தபோதே, சங்கம் இல்லாத கிராமத்தில் அந்தக் கூலி வயலில் இறங்கவில்லை. வெறும் சிபாரிசு எந்த ஆபீஸ் படியில் ஏறும்?

நமக்கு என்ன சம்பந்தம்?

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம்.

முதலாவது, நீதிபதியின் நாற்காலி. 2025ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. 2002இல் தளர்த்திய விதியைத் திரும்பக் கொண்டுவந்து, சிவில் நீதிபதி பதவிக்கு மனுப் போடக் குறைந்தது மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்றது. கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதியாக உட்காரக் கூடாது என்பது நியாயமான எண்ணம். ஆனால் அந்த மூன்று ஆண்டு யார் வீட்டுச் சோற்றில் கழிவது? அப்பனுக்கு நிலமும் வீடும் இருந்தால் கழியும். நடவுக்குப் போகும் தாயின் மகளுக்கு எப்படிக் கழியும்? கூலி இல்லாத மூன்று ஆண்டுதான் இன்றைய முத்திரைக் கட்டணம். அன்று இங்கிலாந்தில் 80 பவுன் வெளிப்படையாக வாங்கினார்கள். இன்று இங்கே சத்தமில்லாமல் வாங்குகிறார்கள்.

நாற்காலியில் உட்காருகிறவர் எந்த வாழ்வைக் கண்டவர் என்பது சின்ன விஷயமா? கீழ்வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25ஆம் தேதி, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. கீழ்க் கோர்ட் மிராசுதாரர்களைத் தண்டித்தது. 1973இல் ஹைகோர்ட் விடுதலை செய்தது. காரும் ஏராளமான நிலமும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று அந்தத் தீர்ப்பு கருதியது. சேரியில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அது நம்புவதற்குக் கடினமாக இருந்திருக்குமா?

இரண்டாவது, நம் வழக்கு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 36ஆவது பிரிவு, தொழிலாளிக்காக அவன் யூனியன் நிர்வாகியே ஆஜராகலாம் என்றும், எதிர்க்கட்சியின் சம்மதமும் டிரிப்யூனலின் அனுமதியும் இல்லாமல் வக்கீல் ஆஜராக முடியாது என்றும் சொன்னது. பணக்கார முதலாளி பெரிய வக்கீலைக் கொண்டுவந்து தொழிலாளியை மிரட்டக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. ஆனால் வழக்கு அப்பீலாகி ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று ஏறும்போது வக்கீல் இல்லாமல் முடியாது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுத் தொகுப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். புதிய சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் இனிமேல் கோர்ட்டில் அர்த்தம் காணவேண்டியிருக்கிறது. அந்தச் சண்டைக்கு நம் பக்கம் நிற்க ஆள் வேண்டும்.

ஆள் எங்கே? கம்பெனிகளின் வழக்கையும் ஒப்பந்தங்களையும் கவனிக்கும் பெரிய சட்டக் கம்பெனிகள் மாதச் சம்பளம் கொடுக்கின்றன. கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கல்லூரி வாசலிலேயே அள்ளிக்கொள்கின்றன. தொழிலாளி பக்கம் நிற்க மனமுள்ள இளைஞன் இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துப் பார்க்கிறான். தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்கு வைத்தியம் என்று நெருக்கடி வந்ததும் அவனும் அந்தப் பக்கம் போகிறான். அல்லது தொழிலையே விடுகிறான். பசித்தவனை விலைக்கு வாங்குவது சுலபம். "வக்கீல்கள் எல்லாரும் முதலாளி பக்கம்தான்" என்று வசை பாடிப் பயனில்லை. நம் பக்கம் நிற்க விரும்புகிறவன் நிற்கும்படியான நிலைமையை உண்டாக்கினோமா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாவது, நம் பிள்ளைகள். இன்று அரசு சட்டக் கல்லூரிகளில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளைகள் அவர்கள். பெண்கள் அதிகமாக வருகிறார்கள். அடமானம் வைத்துப் படிக்க வைத்த தகப்பன், "எப்போது சம்பாதிக்கப் போகிறாய்?" என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? மகனையாவது இன்னும் ஓராண்டு பொறுப்பார்கள். மகளை? வீட்டுக்குக் காசும் வரவில்லை, இரவு பத்து மணிக்குத்தான் வருகிறாள் என்றால், கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுத் தாலி கட்டிக்கொள் என்பார்கள். படித்த படிப்பு பெட்டிக்குள் போகும்.

என்ன செய்யவேண்டும்?

"சிறு ஊர் சீனியரே வாடகைக்கும் குமாஸ்தா சம்பளத்துக்கும் திண்டாடுகிறார், அவர் எப்படி ரூ. 15,000 கொடுப்பார்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தாலுகா கோர்ட்டில் ஜீவனாம்ச வழக்கும் வாய்க்கால் வழக்கும் நடத்துகிறவரை, கம்பெனி வழக்குக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறவரோடு ஒரே தராசில் வைக்க முடியாது. ஆகவே கோரிக்கையை இப்படி வகுப்போம்:

1. 2024ஆம் ஆண்டு சொன்ன தொகையைச் சிபாரிசாக விடாமல், வழக்கறிஞர் சட்டத்தில் திருத்தம் செய்து கட்டாயமாக்க வேண்டும். மாதாமாதம் பாங்கி மூலம் கொடுக்கவேண்டும்; பதிவேடு வேண்டும்.

2. கொடுக்க இயலாத சிறு ஊர் சீனியர்களின் ஜூனியர்களுக்கு சர்க்காரும் பார் கவுன்சிலும் சேர்ந்து நிதி தரவேண்டும். இது முடியாத காரியமல்ல. 2019இல் ஆந்திர சர்க்கார் இளம் வக்கீல்களுக்கு மாதம் ரூ. 5,000 கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிக் காட்டியது. தொகை போதாது, ஆனால் வழி தெரிந்தது.

3. கூலி கேட்ட ஜூனியரை ஆபீசை விட்டு அனுப்பினால் முறையிட ஓர் இடம் வேண்டும். பெண் ஜூனியர்களுக்கு வேலை நேரத்திலும் பாதுகாப்பிலும் திட்டமான விதி வேண்டும்.

4. நான்காவது கோரிக்கை நம் சங்கங்களுக்கே. நம் வழக்கை நடத்தும் வக்கீல் ஆபீசிலும் ஜூனியர்கள் இருக்கிறார்கள். சங்கம் குறைந்த பீஸ்தான் கொடுக்கிறது. தோழமையால் வக்கீல் வாங்கிக்கொள்கிறார். அந்தக் குறைவு கடைசியில் யார் தலையில் விடிகிறது? எட்டு மணி நேர வேலைக்கு வழக்காடும் ஆபீசில் பதினாலு மணி நேர வேலை, கூலியில்லாமல் நடக்கலாமா? வழக்கு நிதி திரட்டும்போது ஜூனியருக்கு என்று ஒரு பங்கு ஒதுக்குவோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து, உறுப்பினர் வீட்டுப் பிள்ளை ஒருவரை மூன்று ஆண்டு தாங்கி நிற்கமுடியாதா? ஆளுக்கு மாதம் சில ரூபாய் போதும். வேலைநிறுத்தக் காலத்தில் ஊருக்கே கஞ்சித் தொட்டி வைத்த சங்கங்கள் நம்முடையவை!

இளம் வக்கீல்களுக்கும் ஒரு வார்த்தை. கோட்டுப் போட்டதனால் நீங்கள் கூலி கேட்கத் தகாதவர்கள் ஆகிவிடவில்லை. தனித்தனியே சீனியர் முகம் பார்த்து நின்றால் அன்பளிப்புத்தான் கிடைக்கும். சேர்ந்து நின்று கேட்டால்தான் கூலி கிடைக்கும். மில் கேட்டில் எங்கள் தகப்பன்மார் கற்ற பாடம் இது. கேட்கும் நாளில் சொல்லி அனுப்புங்கள். தோளுக்குத் தோளாக நிற்க நாங்கள் வருகிறோம்.